முடி ஒட்டாத இடம்

வெட்டிய முடி வியர்த்த உடம்பில்தான் ஒட்டும். சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், ஓர் ஆள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாரென்றால், கட்டிங் முடிவதற்குள் கழுத்து, தோள், மேல்கை என்று எங்கும் பொடிமுடி அப்பிக்கொள்ளும். துண்டால் தட்டினால் போகாது. ஈரத்துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். மீஞ்சூர் பஜாரில் இருந்த எங்கள் சலூனில், பள்ளிக்கூட விடுமுறைகளில் அந்தத் துடைக்கிற வேலை என்னுடையது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்த ஒருவருக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். நைனா, என் அப்பா, என் கையைப் பிடித்து நிறுத்தினார். வாடிக்கையாளரின் வலது மேல்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, நாலு விரல் அகலத்துக்கு ஓரிடம் மட்டும் துடைக்காமலே சுத்தமாக இருந்தது. சுற்றிலும் வியர்வை, வியர்வையில் பொடிமுடி. அந்த இடத்தில் ஈரமே இல்லை. நிறமும் கொஞ்சம் வெளிறியிருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. கை முழுக்க இருந்த முடி அங்கே மட்டும் இல்லை.

நைனா சவரப் பிரஷ்ஷைக் கழுவி உதறி எடுத்தார். "கண்ண மூடிக்கோபா. நான் எங்க தொடறேன்னு வெரலால காட்டு" என்று விளையாட்டுப்போலச் சொன்னார். கழுத்தில் தொட்டார், அவர் காட்டினார். இடது கையில் தொட்டார், காட்டினார். அந்த வெளிறிய இடத்தில் பிரஷ் நுனியை வைத்தார். அவர் கண்ணை மூடியபடியே காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா நைனா, தொடவே இல்லியே?" என்றார்.

"அவ்ளோதான், எழுந்துக்கோ" என்று காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார் நைனா. கடை சாத்தியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஆளின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். கடையில் வைத்துச் சொல்லியிருந்தால் பொழுது சாய்வதற்குள் பஜார் முழுக்கத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் தொழுநோய் ஊரார் வாயில் 'பெருவியாதி'. வெள்ளைக்காரன் 1898-இல் போட்ட தொழுநோயாளர் சட்டம் ஏட்டில் அப்படியே இருந்தது. 2016-இல்தான் அதை நீக்கினார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ இந்த நோய் என்றால் விவாகரத்து வாங்கலாம் என்ற விதியை எடுக்க 2019 ஆகிவிட்டது. உப்பளத்துக்காரருக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

எங்கள் சமூகத்துக்கு அரசுப் பட்டியலில் மருத்துவர் என்று ஒரு பெயர் உண்டு. தாத்தா கட்டி கீறி மருந்து வைத்தார், பாட்டி பிரசவம் பார்த்தார். நைனா காலத்தில் அதெல்லாம் போய்க் கத்தியும் கத்திரியும் மட்டும் மிஞ்சின. ஆனாலும் உடம்பைத் தொட்டுப் பார்க்கிற தொழில் அது. அக்குள் எடுக்க வருவார்கள், மாப்பிள்ளைச் சவரத்துக்கு வருவார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களுக்கும், அறுவைக்கு முன்னால் சிரைத்துவிடவும் நைனாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் கடைசிவரை அவரை ஒருமையில்தான் கூப்பிட்டார்கள். அவர்களுடைய முதுகில் எங்கே மரு, எங்கே படை என்பது அவர்களின் வீட்டுக்காரிகளைவிட நைனாவுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய நிரந்தரக் குறை வேறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வருஷா வருஷம் உப்பேறிக்கொண்டே போனது. பட்டணத்துக்கென்று மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் ஆழ்குழாய் போட்டு இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வந்தது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பில் கத்தி ஓடாது. நல்ல தண்ணீருக்குக் குடம் தூக்கியதும் நான்தான்.

அந்த வாரமே தொழுநோய் ஆய்வாளர் சைக்கிளில் வந்தார். அவர் பஞ்சுத் திரியை வைத்துச் சோதித்தார். சுடுதண்ணீர் ஒரு கண்ணாடிக் குழாயிலும் பச்சைத் தண்ணீர் இன்னொன்றிலும் எடுத்து மாற்றி மாற்றி வைத்தார். பிறகு முழங்கையை மடக்கச் சொல்லி, உள்பக்க எலும்புக் குழிக்குள் விரலை விட்டு உருட்டினார். "நரம்பு தடிச்சிருக்கு" என்று எழுதிக்கொண்டார். நைனாவைப் பார்த்து, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். "மயிர் ஒட்டல சார்" என்றார் நைனா. ஆய்வாளர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

ஏன் ஒட்டவில்லை என்பது எனக்கு விளங்கியது, ஆய்வக நுட்புநர் படிப்பை முடித்து ஆரம்ப சுகாதார நிலைய வேலைக்குப் போன பிறகுதான். தோலில் முளைக்கிற ஒவ்வொரு முடியின் வேரையும் சுற்றி நுண்ணிய நரம்பு நுனிகள் உண்டு. காற்றில் முடி அசைந்தால்கூட நமக்குத் தெரிவது அவற்றால்தான். வேரோடு ஒட்டி ஒரு சின்னத் தசை இருக்கிறது. குளிரிலோ பயத்திலோ அதை இழுத்து முடியைச் சிலிர்க்க வைப்பதும் நரம்பு. பக்கத்திலேயே வியர்வைச் சுரப்பி. அதை வேலை வாங்குவதும் நரம்பு. வேரின் அடியில் தந்துகிகளின் முடிச்சு ஒன்று. சாப்பாடு அந்த வழியாகத்தான் வருகிறது. ஆக, முடி என்று நாம் மழித்துத் தள்ளுவது நரம்பும் ரத்தமும் சேர்ந்து நடத்துகிற ஒரு சின்னக் குடித்தனம். இரண்டில் எது கைவிட்டாலும் முதலில் காலியாவது அந்த வீடு.

தொழுநோய்க் கிருமி நரம்பைப் போர்த்தியிருக்கிற உயிரணுக்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். நோர்வேயில் ஹான்சன் 1873-இல் அதைக் கண்டுபிடித்தார். மெதுவாகப் பெருகும் கிருமி அது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும்போது அந்த இடத்து நரம்பும், முடிவேரும், வியர்வைச் சுரப்பியும் சேர்ந்தே அழிகின்றன. அதனால்தான் அந்தத் தேமலில் உணர்ச்சி இல்லை, வியர்வை இல்லை, முடி இல்லை. சாதாரணத் தேமலில் இது மூன்றும் இருக்கும். கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும் என்பதும் இன்னொரு விசேஷம். காது மடல், மூக்கு, புருவம், கை கால் நுனிகள். நோய் முற்றினவர்களுக்கும் தலைமுடி பெரும்பாலும் அடர்த்தியாகவே இருக்கும், மண்டைத் தோலில் ரத்தச் சூடு அதிகம். புருவம்தான் வெளி ஓரத்திலிருந்து தேயத் தொடங்கும். தைராய்டு குறைந்தாலும் புருவம் அதே ஓரத்திலிருந்துதான் தேயும், அதையும் சொல்லிவிட வேண்டும். நைனா சிலருக்குப் புருவ ஓரத்தில் மை தீட்டிக்கொள்ள யோசனை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காரணம் எதுவென்று அவர் கேட்கமாட்டார்.

என் வேலையிலும் பிளேடு உண்டு. காது மடலையோ புருவத்தையோ இரண்டு விரலால் ரத்தம் போகும்வரை கிள்ளிப் பிடித்து, சின்னதாக ஒரு கீறல் கீறி, பிளேடைத் திருப்பிச் சுரண்டினால் கொஞ்சம் சதைக்கூழ் வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றினால் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும். முதன்முதலில் நான் கிள்ளிப் பிடித்த விதத்தைப் பார்த்த மருத்துவர், "யார்கிட்டப்பா கத்துக்கிட்ட?" என்றார். சவரம் செய்யும்போது தோலை இழுத்துப் பிடிக்கிற பிடி அது.

அப்போது எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துக்கும் இந்த நோய்க்கும் நீண்ட உறவு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் இல்லம் தொடங்கினார்கள். ராபர்ட் காக்ரேன் அங்கே நாற்பதுகளில் டாப்சோன் மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்துப் பார்த்தார். 1955-இல் அது மத்திய அரசின் போதனை, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. உப்பளத்துக்காரர் வருஷக்கணக்கில் டாப்சோன் மட்டும் விழுங்கினார். 1982 வாக்கில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு காலம் குறுகியது. கிருமி குறைவாக இருப்பவர்களுக்கு 6 மாதம், அதிகமாக இருப்பவர்களுக்கு 12 மாதம் என்று இன்று முடிந்துவிடுகிறது. அவருக்கு நிறம் திரும்பியது. உணர்ச்சி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வந்தது. முடி வரவே இல்லை. நோய் போய்விட்டது, நைனாவின் நாற்காலியில் கடைசிவரை அவர் உட்கார்ந்தார்.

முடி போனால் நோய் என்று நான் மனதில் எழுதி வைத்திருந்ததை ஒரு பிரஸ் ஆபரேட்டர் அழித்தார்.

எண்பதுகளில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிகள் பெருகின. காலை ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி ஆட்கள் நின்றுகொண்டே போவார்கள். பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்களை எங்கள் பக்கத்தில் எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். வடசென்னையும் அதன் வடக்குப் பக்கமும் கையை இழந்தால் போகுமிடம் ஸ்டான்லி மருத்துவமனை. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி எழுபதுகளில் அங்கே வளர்த்த கை அறுவைப் பிரிவு இந்தத் தொழிற்பேட்டைகளுக்காகவே பிறந்ததோ என்று தோன்றும். இந்த ஆபரேட்டருக்கு விரல் போகவில்லை. தகடு நழுவி, இடது முழங்கைக்குச் சற்றுக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு அறுந்தது. தைத்து, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு எங்கள் கடைக்கு வந்தார். சட்டைக்கையை மடித்துக் காட்டினார். முன்கையில், கட்டு இருந்த இடம் முழுக்க, கறுகறுவென்று முடி. மற்ற கையில் அதில் பாதிகூட இல்லை. "இன்னா இது, கொரங்கு கை மாதிரி" என்று அவரே சிரித்துக்கொண்டார். சுண்டுவிரலின் முதுகும் மோதிர விரலின் பாதியும் நேர் எதிர். முடியில்லை, ரேகை மழுங்கிப் பளபளவென்று ஒரு மினுக்கம், நகம் வளைந்து வரிவரியாக. ஒரே கையில் ஓரிடத்தில் அதிகம், இன்னோரிடத்தில் ஒன்றுமில்லை.

கட்டுக்கு அடியில் முடி அடர்வது பலருக்கும் நடப்பதுதான். சூடும் உராய்வும் ரத்த ஓட்டம் கூடுவதும் காரணமாக இருக்கலாம் என்பார்கள். கொஞ்ச மாதத்தில் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். பளபளப்பு வேறு கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட சிப்பாய்களைப் பார்த்த வெயர் மிட்செல், நரம்பு காயப்பட்ட கைகளில் தோல் மினுங்குவதையும், முடி சில நேரம் உதிர்வதையும், எரிச்சல் வலியையும் சேர்த்து 1864-இல் எழுதினார். அதே ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பேஜெட்டும் பளபளத்த விரல்களைப் பற்றி எழுதினார். நரம்பு பாதி காயப்பட்டு, வலி மட்டும் ஓயாமல் நிற்கிற சிலருக்கு ஆரம்பத்தில் அந்தப் பக்கம் முடி வேகமாக வளர்ந்து, நாள் போகப் போக மெலிந்து விழும். நரம்பு மொத்தமாக அறுந்தால் வியர்வை அன்றைக்கே நின்றுபோகும், தோல் மெல்ல மெல்லப் பின்னால் போகும்.

தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிக்கு ஒரு வருஷப் பயணம். எங்கேவரை வந்திருக்கிறது என்று பார்க்க, நரம்பு போகிற வழியில் விரலால் தட்டிக்கொண்டே போனால், வளரும் முனை இருக்குமிடத்தில் சுரீரென்று விரலுக்குள் மின்சாரம் ஓடும். இதைத் தவிர வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனை உண்டு. கையைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் விரல் நுனிகள் சுருங்கும். நரம்பு இல்லாத விரல் சுருங்காது. அயர்லாந்து மருத்துவர் ஓ'ரையன் 1973-இல் இதை ஒரு சோதனையாகவே எழுதி வைத்தார். ஆபரேட்டர் கடைக்கு வரும்போதெல்லாம் நைனாவின் சூடுதண்ணீர்க் கிண்ணத்தில் கையை விட்டு உட்கார்ந்துகொள்வார். அடுத்த வாடிக்கையாளர் முறைப்பார். சுண்டுவிரல் ரொம்ப நாள் வழுவழுவென்றே வெளியே வந்தது. பிறகு ஒரு நாள் சுருங்கி வந்தது. விரல் முதுகில் இரண்டு மூன்று முடி தலை காட்டியது அதற்கும் பிறகு. மனிதர் அதை அடுத்த நாற்காலிக்காரருக்கெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பிரஸ் வேலைக்கு மட்டும் திரும்பவில்லை, கேட்டில் காவலுக்குப் போட்டார்கள்.

நரம்பும் முடியும் ஏன் இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன என்பதற்குக் கருவிலேயே ஒரு பதில் இருக்கிறது. மூளை, தண்டுவடம், மேல்தோல், முடி எல்லாம் கருவின் ஒரே வெளிப்படலத்திலிருந்து பிரிந்தவை. குழந்தைகளுக்கு முதல் மொட்டை அடிக்கும்போது, இடுப்புக்குக் கீழே நடு முதுகெலும்பின்மேல் குச்சமாக முடி இருக்கிற பிள்ளைகளை நைனா ஒன்றிரண்டு பார்த்திருக்கிறார். அதிர்ஷ்டம் என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அந்தக் குச்சத்துக்கு அடியில் முதுகெலும்பு சரியாக மூடாமலோ தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டோ இருக்கக்கூடும். பிள்ளை வளரும்போது காலும் மூத்திரப்பையும் பாதிக்கலாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று நான் சொன்னால் கேட்பார்கள். நைனா சொன்னால், "மொட்டை போட வந்தியா, ஜோசியம் சொல்ல வந்தியா" என்பார்கள்.

இத்தனை பேர் தோலைப் பார்த்தவர் தன் காலைப் பார்க்கவில்லை. பார்த்தவர் அம்மாதான். திருவள்ளூர் தனி மாவட்டமான 1997-ஆம் வருஷம், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மா, "உங்க நைனா கால்ல ஒரு மயிர் இல்ல பாரு, பொம்பள கால் மாதிரி கீது" என்று சிரித்தார். நைனாவும் சிரித்தார். "நாப்பது வருஷம் நின்ன காலு. தேஞ்சு பூட்டிருக்கும்." அவர் கட்டியது வேட்டி, உரசித் தேய அங்கே ஒன்றும் இல்லை. கெண்டைக்கால் கீழ்ப்பாதியிலிருந்து விரல்வரை தோல் மெலிந்து மினுங்கியது. கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளித்திருந்தது. குதிகாலில் வெடிப்பு. ரயில்வே கேட்டிலிருந்து பஜாருக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று பீடி பற்றவைப்பார் என்பது எங்களுக்குத் தெரிந்த பழக்கம். பீடிக்காக நிற்கவில்லை, கெண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் நிற்கிறார், நின்றால் விடுகிறது, மறுபடி நடந்தால் பிடிக்கிறது என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

மறுநாள் ஆய்வகத்தில் அவருடைய சிறுநீரைச் சோதித்தேன். பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, அதில் 8 சொட்டு, கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு ஆரஞ்சு. நைனாவுடையது இதெல்லாவற்றையும் தாண்டிச் செங்கல் நிறத்தில் போய் நின்றது.

ராயபுரத்துக்கு அழைத்துப் போனேன். பீச் போகிற லோக்கலில் ஏறினால் ராயபுரத்திலேயே இறங்கிவிடலாம். பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர், 1954-இல் ராயபுரத்தில் தன் மருத்துவமனையை வைத்தார். மீன்பிடித் துறைமுகத்துக்கும் ரயில் பட்டறைக்கும் நடுவில் வாழ்கிற ஜனங்களின் கால்களை அவ்வளவு காலமாகப் பார்த்து வந்த இடம் அது.

அங்கே நைனாவின் பாதத்தை ஓர் இளம் மருத்துவர் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். நைனாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை, காலை இழுத்துக்கொண்டே இருந்தார். நடுங்குகிற இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். தெரியவில்லை. பிறகு ஒரு பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்தார். அதை நட்டுவைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும். "கண்ண மூடிக்குங்க ஐயா, தொடும்போது சொல்லுங்க" என்றார். நைனா கண்ணை மூடும்முன் என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த இழையின் பூர்வீகம் வேடிக்கையானது. ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஃபிரே 1890-களில் தொடுவுணர்ச்சியை அளக்க நிஜ முடிகளைத்தான் பயன்படுத்தினார். மனித முடி, குதிரை முடி என்று பருமன் பருமனாகப் பொறுக்கிக் குச்சியில் ஒட்டி வைத்திருந்தார். நைலான் பிறகுதான் வந்தது. நைனாவின் பிரஷ் அவருக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தமில்லை.

பத்து இடத்தில் தொட்டதில் மூன்றுக்குத்தான் நைனா வாய் திறந்தார். பாதத்தின் மேலேயும் கணுக்காலின் உள்பக்கத்திலும் மருத்துவர் விரல் வைத்துத் துடிப்பைத் தேடினார். இடதில் கிடைக்கவில்லை. டாப்ளர் கருவியை வைத்துக் கணுக்காலின் ரத்த அழுத்தத்தை எடுத்து, கையின் அழுத்தத்தால் வகுத்தார். 0.9-க்குக் கீழே இருந்தால் காலுக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். நீண்ட காலச் சர்க்கரையில் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால் இந்தக் கணக்கு பொய்யாக நல்லது காட்டும், அதனால் துடிப்பையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்றார். நைனாவுக்கு அந்த ஏமாற்றும் இல்லை, கணக்கே குறைவாகத்தான் வந்தது.

முடியைப் பற்றி நான் கேட்டேன். தொழிலில் ஊறின கேள்வி. கால் முடி தலைமுடி மாதிரி வருஷக்கணக்கில் வளர்வதில்லை. சில மாதம் வளரும், ஓயும், விழும், அதே குழியிலிருந்து புதிது முளைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேரைச் சுற்றி ரத்தக்குழாய்கள் புதிதாகப் படர வேண்டும். இருக்கிற ரத்தம் தசைக்கும் எலும்புக்குமே போதாத காலில் உடம்பு அந்தச் செலவைச் செய்வதில்லை. இதயத்துக்கு வெகுதூரத்தில் இருக்கிற விரலில் முதலில், பிறகு புறங்காலில், பிறகு கணைக்கால் எலும்பு ஓரமாக மேலே. சர்க்கரையால் நுண் நரம்புகள் சாகும்போது வியர்வையும் நின்று தோல் காய்ந்து வெடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நைனாவின் கால். மருத்துவர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா முடிய வெச்சு முடிவு கட்டாதீங்க. வயசானாலே குறையும். சிலருக்குப் பிறவியிலேயே இல்ல. உங்க கால காட்டுங்க" என்றார். என் சாக்ஸைக் கீழே தள்ளினேன். சாக்ஸ் இறுகிப் பிடித்த இடத்தில் எனக்கும் வழுவழுப்புதான். பாதத்தில் துடிப்பு நன்றாக இருந்தது. முடி போனதைப் பார்த்தால் துடிப்பைத் தேடு, துடிப்பு இல்லாவிட்டால்தான் பேச்சு என்றார். அது நியாயமான பேச்சு. இணையத்தில் கால் முடி போச்சே என்று அலறுகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

பீடியை விடச் சொன்னார்கள். சர்க்கரையே இல்லாத இளைஞர்களுக்குக்கூடப் புகையால் மட்டும் கைகால் தமனிகள் அடைபட்டு விரல் கறுத்துப்போகிற ஒரு நோய் இருக்கிறது. நியூயார்க்கில் லியோ புர்கர் 1908-இல் விவரித்தது. நம் ஊர்ப் பீடிக்காரர்களிடம் அது தாராளம். எங்கள் கடை பெஞ்சில் பேப்பர் படிக்க வருகிறவர்களில் ஒருவருக்கு இரண்டு கால்விரல் இல்லை, நைனாவுக்கு அவரைக் காட்டியதே போதுமானதாக இருந்தது. விட்டார். மாத்திரை, தினமும் வலி வரும்வரை நடந்து நின்று மறுபடி நடப்பது, ராத்திரி பாதத்தைத் திருப்பிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது. கண்ணாடிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. பின்னந்தலையைக் காட்டுகிற கைக்கண்ணாடி ஒன்றை அவர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் சம்மதித்தவர் செருப்புக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். நுண்துளை ரப்பரில் அடி, அகலப் பட்டை, பின்னால் வார். உணர்ச்சியில்லாத பாதத்தில் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரப்பி விடும். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்டும் அவருடைய கூட்டாளிகளும், பிறகு கரிகிரி மருத்துவமனையும் தொழுநோயாளிகளின் கால்புண்ணுக்காக ஆராய்ந்து பரப்பிய செருப்பு அது. உணர்ச்சி போன கால் எந்த நோயால் போனாலும் ஒரே மாதிரிதான் புண்ணாகிறது என்பதால் சர்க்கரைக்காரர்களுக்கும் அது வந்து சேர்ந்தது. நைனாவுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. அந்தக் கறுப்பு ரப்பரை யார் காலில் பார்த்தோம் என்பது தெரியும். உப்பளத்துக்காரருக்கும் சர்க்காரில் அதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"இத மாட்டிக்கினு நான் கடைல நிக்க முடியாது. எவனும் நாற்காலில குந்தமாட்டான்."

"அவருக்கு நீதானே நைனா கட்டிங் பண்ற? அதே நாற்காலில தானே எல்லாரும் குந்தறாங்க?"

"அவன் குந்தறது வேற. நான் நிக்கறது வேற."

எனக்குப் பதில் இல்லை. கடைக்காரனுக்குத் தன் கடையின் பயம் தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு ராத்திரியில் போய்ச் சொன்ன மனிதரும் இவர்தான், இந்தச் செருப்பைத் தொடமாட்டேன் என்பவரும் இவர்தான். இரண்டுமே ஊரை அறிந்துதான் செய்தார். செருப்பு ஒரு மாதம் பெட்டியிலேயே கிடந்தது.

கடைசியில் வழி சொன்னது ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைக்கிறவர். அடியை அப்படியே விட்டு, மேல் பட்டையை எடுத்துவிட்டுப் பழுப்புத் தோலில் வைத்துக் கொடுத்தால் கடைச் செருப்பு மாதிரி இருக்கும் என்றார். நைனா பக்கத்திலேயே குந்திக்கொண்டார். ஆணி அடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னது அவருக்கு மனப்பாடம். உணர்ச்சியில்லாத காலில் ஆணி ஏறினால் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். தைக்கிறவர் பழக்கத்தில் ஆணிக்குக் கை நீட்டும்போதெல்லாம் நைனா கையைத் தட்டிவிட்டார்.

"ஆணி இல்லாம எப்படிபா நிக்கும்?"

"தையி. ரெண்டு தையல் போடு. கோந்து வெய்யி."

"கூட ஆவும்."

"ஆவட்டும். கட்டிங்குல கழிச்சிக்கோ."

பட்டை தைத்து முடிந்ததும் செருப்புக்குள் கையை விட்டு, உள்ளங்கையால் அடி முழுக்கத் தடவிப் பார்த்தார் நைனா. ஒரு முடிச்சு இடறியது. பிரித்து மறுபடி தைக்கச் சொன்னார். அந்தச் செருப்போடு இன்னும் பல வருஷம் கடையில் நின்றார். கால் முடி திரும்பவில்லை, கால் இருந்தது. சர்க்கரை இருந்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அடி ராயபுரத்தில், பட்டை ஸ்டேஷனில் என்று சொல்லி அனுப்புவார். ஆணி வைத்தால் வாங்காதே என்பதையும் சேர்த்துச் சொல்வார். தைக்கிறவர் கொஞ்ச நாளில் பழுப்புத் தோலை மொத்தமாக வாங்கிவைக்கத் தொடங்கினார். நைனாவுக்குக் கட்டிங்கில் கழிப்பதாகச் சொன்ன கணக்கை மட்டும் இரண்டு பேரும் கடைசிவரை தீர்க்கவில்லை, யார் யாருக்குத் தரவேண்டும் என்பதிலேயே அவர்களுக்குள் தகராறு.